பழைய வண்டிக்குப் புதுப் பூச்சு: காசு எங்கே போக வேண்டும்?

தமிழ்நாட்டில் சரக்கு வண்டி வைத்திருப்பவருக்கு பெயின்ட் என்பது எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றோடு சேர்ந்து வரும் செலவு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, எட்டு வயது வரை உள்ள சரக்கு வண்டிக்கு எஃப்.சி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு ஆண்டுதோறும். நாள் நெருங்கும்போது வண்டி பட்டறைக்குப் போகும். டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று ஒரு மொத்தத் தொகை சொல்வார்கள். பத்து வண்டி ஓட்டும் கம்பெனிக்கு அது கணக்கில் ஒரு வரி. ஒரே ஒரு பழைய குட்டியானையையோ லாரியையோ வைத்துப் பிழைக்கும் ஓட்டுநர்-உரிமையாளருக்கு அது ஒரு மாதக் குடும்பச் செலவு. அதனால்தான் வீட்டு வாசலிலேயே நாமே அடித்துவிட முடியாதா என்ற கேள்வி எழுகிறது. முடியும். ஆனால், அந்தக் கேள்வியோடு கூடவே வரும் இரண்டாவது கேள்வி, ‘எந்த கம்பெனி பெயின்ட் வாங்கலாம், என்ன கலர் போடலாம்’ என்பதுதான், பெரும்பாலான வீட்டு வேலைகளைக் கெடுக்கிறது. பழைய வண்டியில் மேல்பூச்சு எவ்வளவு மலிவாக இருந்தாலும் தாங்கும். அதன் அடியில் நடக்கும் வேலையை மலிவாக்கினால் எந்தப் பூச்சும் தாங்காது. வேதியியல், பூச்சுகளின் வரலாறு, உடல்நலம், எஃப்.சி. சட்டம் என எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இந்த முடிவுக்கே வந்து சேர்கிறோம்.

முதலில் துரு. இரும்பு, நீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டிகளின் பாடி சீக்கிரம் இற்றுப்போவதற்கு இதுவே காரணம். பெயின்ட்டைப் பொறுத்தவரை துருவின் முக்கியமான குணம், அது தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும் என்பது. மேலே பளபளவென்று பூச்சு இருக்கும்போதே அடியில் துரு ஊறிப் பெருத்து, பூச்சைக் கொப்பளமாகத் தூக்கும். கொப்பளம் உடைந்ததும் நீர் நேரே உள்ளே போகும். துருவின் மேல் அடித்த விலை உயர்ந்த பெயின்ட்டும் மலிவான பெயின்ட்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உரிந்து விழுவது இதனால்தான். ஒட்டிக்கொள்ள அதற்கு இரும்பு கிடைப்பதில்லை, இரும்பிலிருந்து ஏற்கெனவே பிரிந்துவிட்ட செதில்தான் கிடைக்கிறது. இரும்புப் பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் பூச்சு அடிப்பவர்கள் பரப்பைச் சுத்தம் செய்வதற்கென்றே சர்வதேச தரநிலைகள் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு துரு இருக்கிறது, எவ்வளவு சுத்தம் செய்யப்பட்டது என்பதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே டின்னைத் திறப்பார்கள். சின்ன வண்டிக்கு அத்தனை நுணுக்கம் தேவையில்லை. வரிசை மட்டும் அதேதான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். ‘நல்லா செய்யணும்னா பழைய பெயின்ட்டை மொத்தமாச் சுரண்டி, வெறும் தகடாக்கிட்டு அடிக்கணும்’ என்று பலர் நினைக்கிறார்கள். கடந்த சில பத்தாண்டுகளில் வந்த வண்டிகளின் கேபின் பொதுவாகத் தொழிற்சாலையில் பெரிய தொட்டியில் மூழ்கி, மின்சாரத்தின் துணையோடு ஒரு அடிப்பூச்சைப் பெற்று, சூட்டடுப்பில் வேகவைக்கப்பட்டது. கதவின் உட்பக்கம், மடிப்பு, மூலை என்று தூரிகை எட்டாத இடமெல்லாம் அந்தப் பூச்சு போயிருக்கும். வீட்டில் எவ்வளவு செலவழித்தாலும் அதற்கு ஈடான ஒன்றைத் திரும்பப் போட முடியாது. எனவே உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சு நமக்குக் கிடைத்த இலவச முதலீடு. அதை உப்புத்தாளால் மங்கலாகத் தேய்த்து, புதுப் பூச்சுக்குப் பிடிமானம் தந்தால் போதும். வெறும் தகடு வரை போக வேண்டியது துரு தெரியும் இடத்திலும், அதைச் சுற்றி நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும் இடத்திலும் மட்டுமே. இந்த ஒரு முடிவே வேலையில் பாதியைக் குறைத்துவிடும். பட்டறையில் உள்ளூரில் செய்த சரக்குப் பாடிக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அதில் பெரும்பாலும் ரெட் ஆக்சைடும் அதன் மேல் எனாமலும்தான் இருக்கும். தகட்டின் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும்.

தேய்ப்பதற்கு முன் கழுவ வேண்டும். இது அற்பமாகத் தோன்றும் விஷயம். ஆனால், நம் ஊரில் அதிகமான பூச்சுகள் தோற்பது இங்கேதான். சர்வீஸ் நிலையங்களில் வண்டியை டீசல் அடித்துக் கழுவும் வழக்கம் இருக்கிறது. சேஸ் துருப்பிடிக்கக் கூடாதென்று கழிவு ஆயிலை அடிப்பவர்களும் உண்டு. இரண்டும் தகட்டின் மேல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்கின்றன. அந்தப் படலத்தோடு உப்புத்தாள் போட்டால், எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பிறகு எத்தனை முறை துடைத்தாலும் வராது. டேஷ்போர்டுக்கும் டயருக்கும் போடும் சிலிக்கோன் பாலிஷ் இன்னும் மோசம். பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் மீன் கண் போலக் குழிந்து விலகும். ஆகவே சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், காய்ந்த பின் சுத்தமான துணியில் தின்னர், அதன் பிறகே உப்புத்தாள். துரு உள்ள இடத்தில் கம்பி பிரஷ், சுரண்டி, தேவையானால் கிரைண்டரில் கம்பிச் சக்கரம். குழிக்குள் ஆழமாக இறங்கிய துருவை முழுதாக எடுக்க முடியாதபோது துரு மாற்றி என்ற திரவம் கடையில் கிடைக்கிறது. பாஸ்பாரிக் அமிலமோ டானின் அமிலமோ அதில் இருக்கும். மிச்சத் துருவை அசையாத கருஞ்சேர்மமாக அது மாற்றிவிடும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் கறுப்பதும் இதே டானினின் வேலைதான். நம் சாயத் தொழிலுக்குப் பழைய சங்கதி. ஆனாலும் அந்தத் திரவம் உதிரும் துருவுக்கு மருந்தல்ல. செதில் முழுதும் போன பிறகு எஞ்சும் கறைக்கு மட்டுமே அது பயன்படும்.

பட்டி விஷயத்திலும் இதே கண்டிப்பு தேவை. பாலியெஸ்டர் பட்டியில் டால்க் பொடி கலந்திருப்பதால் அது ஈரத்தை உறிஞ்சும். துருவின் மேல் வைத்த பட்டி, துருவுக்குத் தண்ணீர் ஊட்டும் பஞ்சாகிவிடுகிறது. சுத்தமான தகட்டின் மேல், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மிகாமல் வைத்தால் அது நிற்கும். ஓட்டை விழுந்த கதவடியைப் பட்டியால் அடைத்து பெயின்ட் அடிப்பது வீண் செலவு. அங்கே வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் வேலை. அதை டிங்கரிங் தெரிந்தவரிடம் கொடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளைப் பட்டியும் பெயின்ட்டும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கதவுகள் பெரும்பாலும் உள்ளிருந்துதான் இற்றுப்போகின்றன.

இப்போது பிரைமர். வாங்கும் பொருள்களில் கை தாராளமாக இருக்க வேண்டிய ஒரே இடம் இதுதான் என்பது என் முடிவு. நம் ஹார்டுவேர் கடைகளில் முதலில் எடுத்துக் கொடுப்பது ரெட் ஆக்சைடு. அதிலுள்ள செந்நிறப் பொடி இரும்பு ஆக்சைடு. அது தன்னளவில் துருவை எதிர்த்துப் போராடுவதில்லை, ஈரத்தை மறைத்து நிற்கும் சுவராக மட்டும் இருக்கிறது. ஜிங்க் குரோமேட் கலந்த ரெட் ஆக்சைடு துருவைத் தடுக்கும். ஆனால், அந்தக் குரோமேட் புற்றுநோய் தரக்கூடியது. அதைத் தேய்த்துத் தூசி கிளப்புவது ஆபத்து. ஜிங்க் பாஸ்பேட் அந்தத் தடுப்பு வேலையை மிகக் குறைந்த நச்சோடு செய்கிறது. வெறும் தகடு தெரியும் திட்டுகளுக்கு இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், மீதிப் பரப்புக்குச் சாதாரண பிரைமர் என்று பிரித்துக்கொண்டால் விலை அதிகமான பொருள் கொஞ்சமே செலவாகும். எபாக்சி ஹார்டனர் கையில் பட்டால் ஒவ்வாமை வரும், உறை போட வேண்டும். தூரிகையால் அடிக்கலாம் என்பது இந்த பிரைமரின் பெரிய வசதி. தகடு வெளியே தெரிந்த அன்றே பிரைமர் விழுந்துவிட வேண்டும். கடலோர ஊர்களில் ஓர் இரவுப் பனி போதும், தேய்த்த இடமெல்லாம் மஞ்சளாகப் பூத்துவிடும்.

மேல்பூச்சுக்கு வருவோம். இங்கே மூன்று பாதைகள் உண்டு. மூன்றுக்கும் தனித்தனி வரலாறு. மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் வார்னிஷ் பூசி, காயவைத்து, மீண்டும் பூசி ஒரு காரை முடிக்க வாரக்கணக்கில் ஆனது. டூபாண்ட் கம்பெனியின் ‘டூகோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் 1920களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு வந்தபோது அந்தக் காலம் மணிக்கணக்காகச் சுருங்கியது. நம் பட்டறைகளில் என்.சி. பெயின்ட் என்று சொல்வது அதன் வழித்தோன்றல்தான். இரண்டு நிறக் கார்களுக்கு எல்லை பிரிக்கப் பட்டறையில் படும் அவதியைப் பார்த்து 3எம் கம்பெனியின் ரிச்சர்ட் ட்ரூ 1925ல் மாஸ்கிங் டேப்பைக் கண்டுபிடித்ததும் இந்தக் காலத்தில்தான். வேகமாகக் காயும் என்.சி.யை ஸ்பிரே கன்னில்தான் அடிக்க முடியும். தூரிகை இழுப்பதற்குள் இறுகிவிடும். காற்றில் ஈரம் அதிகமானால் வெளுத்துப் போகும். இரண்டாவது பாதை, டூ-கே என்றும் பியூ என்றும் சொல்லப்படும் இரண்டு பொருள் பெயின்ட். பளபளப்பிலும் உழைப்பிலும் இதற்கு இணை இல்லை. மூன்றாவது, ஆல்கிட் பிசினில் செய்த சிந்தெடிக் எனாமல். வீட்டு கிரில்லுக்கும் கதவுக்கும் நாம் அடிக்கும் அதே பெயின்ட். இது காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மெதுவாக இறுகுகிறது. அந்த மெதுவான குணமே தூரிகைக் கோடுகள் தாமாகச் சமன்படக் காலம் தருகிறது.

பியூ பெயின்ட்டை வீட்டில் ஸ்பிரே செய்யக் கூடாது என்பதில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது மூடுபனியாகப் பறக்கும் அது நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறு அளவும் கடும் மூச்சுத்திணறலைத் தூண்டலாம். பிரிட்டனில் தொழில்சார் ஆஸ்துமாவுக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்றாக இதைக் கணித்து, வண்டிக்கு பெயின்ட் அடிப்பவர்கள் வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடி போட வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். ஆபத்தான அளவிலும் மூக்குக்கு வாசனை தெரியாமல் போகலாம் என்பதால் நாற்றத்தை நம்பி எச்சரிக்கையாக இருக்க வழியில்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இதை அடிக்கும் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டு வாசலுக்கு அந்த மூடுபனியைக் கொண்டுவர எந்தச் சேமிப்பும் நியாயமாகாது.

ஆக மீதமிருப்பது எனாமலும் தூரிகையும். கூடவே சிறு ஸ்பாஞ்ச் ரோலர். ‘லாரிக்கு பிரஷ்ஷா?’ என்று கேட்பார்கள். பிரிட்டனில் லாரிகளையும் பேருந்துகளையும் தூரிகையால் பூசி முடிக்கும் கோச் பெயின்டிங் ஒரு மதிக்கப்பட்ட கைத்தொழில். அமெரிக்காவில் ரஸ்ட்-ஓலியம் கம்பெனியை 1921ல் தொடங்கிய ராபர்ட் ஃபெர்கஸன் ஒரு கப்பல் கேப்டன். துருப்பிடித்த மேல்தளத்தில் மீன் எண்ணெய் கொட்டிய இடத்தில் துரு பரவாமல் நின்றதைக் கண்டு எண்ணெய்ப் பூச்சுக்கு வந்தவர். அதே வகை எனாமலை நீர்க்கக் கலந்து, ரோலரால் மெல்லிய பல பூச்சுகளாகப் பூசி, இடையிடையே வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கும் முறையை அந்நாட்டுப் பழைய டிரக் பிரியர்கள் பின்பற்றுகிறார்கள். முறையின் சாரம் எளிது: ரோலரால் பெயின்ட்டைப் பரப்பி, உடனே நல்ல தூரிகையின் நுனியால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. பிறகு அந்த இடத்தைத் தொடவே கூடாது. ஒரு கதவை அல்லது ஒரு பக்கத் தகட்டை நடுவில் நிறுத்தாமல் முடித்துவிட வேண்டும்; ஓரம் காய்ந்தபின் வந்து தொட்டால் தழும்பு விழும். சித்திரை வெயிலில் சூடேறிய தகட்டில் பெயின்ட் இழுபடாது, ஐப்பசி மழையில் காயாது. மாசி, பங்குனியில், பனி விலகிய பின், நிழலில் அடிப்பது உத்தமம்.

கணக்கும் தூரிகையின் பக்கமே நிற்கிறது. சாதாரண ஸ்பிரே கன்னில் வெளியேறும் பெயின்ட்டில் பாதிக்கும் மேல் தகட்டில் படாமல் காற்றில் போய்விடும். குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் எச்.வி.எல்.பி. கன்களில் சேதாரம் குறைவு, ஆனால், அவற்றுக்குப் பெரிய கம்ப்ரஸர் தேவை. தூரிகையில் சேதாரம் ஏறக்குறைய இல்லை. ஒரு லிட்டர் எனாமலில் பத்தில் நான்கு பங்கு காய்ந்த பிறகு மிஞ்சும் திடப்பொருள் என்று வைத்துக்கொண்டு, 30 மைக்ரான் தடிமனுக்குப் பரப்பினால் 13 சதுர மீட்டர் வரும். நடைமுறையில் 10 என்று கொள்ளலாம். ஒரு குட்டியானையின் கேபின் வெளிப்பக்கமும் சரக்குத் தட்டும் சேர்ந்து தோராயமாக 15 சதுர மீட்டர். இரண்டு முறை பூச மூன்று லிட்டர் போதும். மேல்பூச்சின் மொத்த விலை அவ்வளவுதான். இதில் மலிவான டப்பா தேடி மிச்சம் பிடிப்பது சில நூறு ரூபாய். பட்டறைச் செலவின் பெரும்பகுதி டப்பாவில் இல்லை, தேய்க்கும் கூலியில் இருக்கிறது. வீட்டு வேலை மிச்சப்படுத்துவது அந்தக் கூலியைத்தான். ஆகவே வீட்டில் செய்பவர் தேய்ப்பைக் குறைத்துக்கொண்டால், மிச்சம் பிடித்ததன் அடிப்படையையே இழக்கிறார்.

மூன்று மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது, தூரிகை வேலை பட்டறை வேலைபோல் இருக்காது, விற்கும்போது விலை போகாது என்பது. பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும், மறுக்க முடியாது. ஆனால், பத்து பன்னிரண்டு வயதான சரக்கு வண்டியை வாங்குபவர் இன்ஜின், டயர், சேஸ், பேப்பர் பார்க்கிறார். கண்ணாடி போல மின்னும் புதுப் பூச்சு அவருக்கு, அடியில் எதை மறைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். இரண்டாவது மறுப்பு வலுவானது: எனாமல் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டில் மங்கி மாவு பூக்கும், பியூ அதைவிடப் பல ஆண்டு நிற்கும். உண்மை. ஆனால், எட்டு வயது கடந்த வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போகிறது, ஆண்டுதோறும் எங்கோ இடி, எங்கோ உரசல். பியூவில் விழுந்த கீறலைத் திருத்தப் பட்டறைக்கே போக வேண்டும். எனாமலில் விழுந்ததை மறுநாள் காலை உப்புத்தாளும் மிச்சம் வைத்த கால் லிட்டரும் சரிசெய்துவிடும். 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணமும் பெரிதும் உயர்ந்திருக்கும் இன்றைய நிலையில், வண்டியின் மீதி ஆயுளைவிட நீண்ட ஆயுளுள்ள பூச்சுக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. மூன்றாவது, இது பெயின்டரின் பிழைப்பைக் கெடுக்காதா என்பது. கணினியில் வெட்டிய ஸ்டிக்கர் வந்து, லாரி நெற்றியில் சாமி பெயரும் பின்னால் பிள்ளைகள் பெயரும் எழுதிய கைகளின் வேலை ஏற்கெனவே குறைந்துவிட்டது. பெயின்ட்டில் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதியை எழுத்துக்குக் கொடுத்து, ஒரு கைதேர்ந்தவரை வீட்டுக்கு அழைக்கலாம். எனாமல்தான் அவருடைய ஊடகமும்.

சட்டம் கேட்பது கொஞ்சமே. தவறினால் அலைச்சல் அதிகம். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கிறது. மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதையும் மாற்ற வேண்டும். எனவே அதே நிறம் அடிப்பது எளிது. ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது. சேஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரோ பட்டியோ போகவே கூடாது, எஃப்.சி.யில் அந்த எண்ணைச் சரிபார்ப்பார்கள். பிரதிபலிப்பு டேப்பை, முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று புதிதாக ஒட்ட வேண்டும். பிரேக் ஹோஸ், ரப்பர், கிரீஸ் நிப்பிள், நம்பர் பிளேட் இவற்றில் பெயின்ட் படக் கூடாது.

வீட்டில் செய்கிறோம் என்பதால் வீட்டாரைப் பற்றிய கவலைதான் கடைசி வரை இருக்க வேண்டும். வீட்டு பெயின்ட்களில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய வண்டியின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு அடுக்குகளில் ஈயம் இருக்கும் என்றே எண்ணி நடக்க வேண்டும். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய பெயின்ட்டைத் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். வெறும் தகட்டில் தண்ணீர் பட்டால் துரு பூக்கும் என்பதால் அந்தத் திட்டுகளை மட்டும், நல்ல முகமூடியோடு, காய்ந்த நிலையில் தேய்த்து உடனே ஈரத் துணியால் தூசியை எடுக்க வேண்டும். தேய்த்த நீர் கிணற்றுப் பக்கமோ தெருக்கால்வாயிலோ ஓடாமல் கீழே தார்ப்பாய் விரிக்க வேண்டும். எனாமல் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லையேல் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். கதவடி, படிக்கட்டு, சரக்குத் தட்டின் மூலை, கண்ணாடி ரப்பரின் ஓரம் ஒவ்வொன்றையும் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலிக்கும் இடத்தில் நுனியை அழுத்துங்கள். உள்ளே இறங்கும் இடங்களை சாக்பீஸால் வட்டமிடுங்கள். முதல் பணம் அந்த வட்டங்களுக்குப் போகட்டும்.